மேடையில் எனக்கு ஓர் இடம்

ஹைதராபாத்திலிருந்து திரும்பி வேலைக்கு வந்த அன்றும் என்னோடு வேலை பார்த்தவருடைய சட்டைப் பையில் அந்த அட்டை குத்தியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்ன வெள்ளை அட்டை. அதில் அவர் பெயர், கீழே எங்கள் ஆலையின் பெயர், அதற்கும் கீழே ‘பேச்சாளர்’ என்று ஆங்கிலத்தில். எடுக்க மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டுவைத்தாரா என்று எனக்குத் தெரியாது. வேண்டுமென்றேதான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக் கடித்தேன். நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த ஒரு சர்க்கரை ஆலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஆலையிலேயே குளிர்சாதனம் போட்ட ஒரே அறை கம்ப்யூட்டர் அறைதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் திருச்சிக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர், புரோகிராம் எழுதுபவர். நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, விவரங்களைத் தட்டிப் போடும் வேலைக்குச் சேர்ந்தவள். கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவேன்.

கரும்பு விவசாயிகளுக்கு ஆலையிலிருந்து ‘வெட்டு உத்தரவு’ போகும். இன்ன தேதியில் இன்ன காட்டுக் கரும்பை வெட்டிக் கொண்டுவா என்கிற சீட்டு. கம்ப்யூட்டர் வந்த பிறகு அது ஆங்கிலத்தில் அச்சாகத் தொடங்கியது. ஒரு விவசாயி யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லி, தப்பான நாளில் ஆள் கூட்டி வெட்டி, வண்டியோடு ஆலை வாசலில் வந்து நின்றுவிட்டார். உள்ளே விட மாட்டார்கள். கரும்பு வெயிலில் காய்ந்துகொண்டே இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் மேலாளரே வெளியே வந்தார். அன்று சாயந்திரம் எங்கள் அறைக்குள் செருப்போடு நுழைந்து கேட்டார்:

“இந்த மெஷின்ல தமிழ்ல அடிக்கவே முடியாதா?”

எங்களிடம் இருந்தது, ஊசிகளால் ரிப்பனைக் குத்திப் புள்ளி புள்ளியாக அச்சடிக்கும் பிரிண்டர். ஒரு எழுத்தின் உயரத்துக்கு ஒன்பது ஊசிதான். அந்த ஒன்பது புள்ளிக்குள் ‘ஞ’ அடங்க வேண்டும், ‘ஸ்ரீ’ அடங்க வேண்டும், ‘ழி’ தலைக்கொண்டையோடு அடங்க வேண்டும். புள்ளிகளைப் பிரிண்டருக்கு அனுப்பும் புரோகிராமை அவர் எழுதினார். எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் நான் வரைந்தேன். கொண்டைக்கு இடமே இல்லாமல் தவித்து, கடைசியில் அதை எழுத்தின் தலையில் வைக்காமல் வலது தோளில் சாய்த்து உட்கார வைத்தேன். சரியாக வந்துவிட்டது. முதல் தமிழ் வெட்டு உத்தரவு ரிப்பன் மசியோடு வெளியே வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதைக் கிழிக்கக் கை நீட்டினோம்.

அதைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு பேர் பெயரையும் போட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹைதராபாத்தில் நடந்த கம்ப்யூட்டர் கருத்தரங்கிலிருந்து அழைப்பு வந்தது. ஆலை ஒருவரைத்தான் அனுப்பும். மேலாளர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நீங்க லேடீஸ். அவ்ளோ தூரம் எப்படிம்மா போவீங்க?”

கேள்வி மாதிரிதான் இருந்தது. பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை.

அவர் திரும்பி வந்த பிறகு நான் விடாமல் கேள்வி கேட்டேன். அரங்கம் எவ்வளவு பெரிசு? மைக்கைக் கையில் பிடிப்பார்களா, நின்றிருக்குமா? விளக்கை அணைத்துவிட்டால் கேட்பவர்கள் முகம் தெரியுமா? பேசி முடித்ததும் என்ன செய்வார்கள்? அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. புண்ணைச் சொறிவது மாதிரி.

“உங்களப் பத்தியும் சொன்னேன்” என்றார். “கோலம் போடற கை, அதனாலதான் புள்ளியில எழுத்து வந்ததுன்னு சொன்னேன். என்ன கைதட்டல் தெரியுமா!”

“எனக்குக் கோலமே வராதே, சார். எங்க வூட்ல வாசலுக்குக் கோலம் போடறது அண்ணிதான்.”

அவர் முகம் கொஞ்சம் சிறுத்தது. “அப்படியா? ஆனா கேக்கறவங்களுக்குப் பிடிச்சிருந்தது” என்றார்.

நானூறு மைலுக்கு அப்பால் ஒரு கூட்டம் எனக்காகக் கைதட்டியிருக்கிறது. நான் போடாத கோலத்துக்காக. அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கச்சிராயபாளையம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஹைதராபாத்துக்குப் பின்னால் புனே. புனேவுக்குப் பின்னால் மறுபடி ஹைதராபாத். ஒவ்வொரு முறை போய்வந்தபோதும் அவரிடம் ஏதாவது ஒன்று கூடியிருந்தது. புதிதாக ஒரு வார்த்தை, தலையை ஆட்டும் ஒரு தினுசு, “அங்கே ஒருத்தர் சொன்னார்” என்று தொடங்கும் ஒரு பேச்சு. எனக்குக் கூடியது புதிய எழுத்துகள் மட்டும். அவற்றையும் அவர்தான் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு மெட்ராஸிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. கம்ப்யூட்டரில் இந்திய மொழி எழுத்துகளை வடிவமைப்பது பற்றிய கருத்தரங்கு. பேச்சாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என் பெயர் மட்டும். மேலாளரும் மெட்ராஸ்தானே என்று சரி சொல்லிவிட்டார்.

நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து என் சக ஊழியர் சிரித்தார். “இந்தத் தடவை எழுத்தப் பத்தித்தான் பேச்சு. நான் போய் என்ன சொல்றது? உங்கள கூப்பிடச் சொல்லி நான்தான் எழுதினேன். நான் சும்மா கேக்க வரேன்” என்றார்.

நன்றி சொன்னேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்ததைப் பாதியாக்கிவிட்டது. மேடையிலும் அவர் விட்டுக்கொடுத்த இடம்தானா எனக்கு? பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. உதவி செய்தவரைத்தான் அது முதலில் கடிக்கும்.

அப்பா போன பிறகு வீட்டில் எல்லாம் அண்ணன்தான். சாயந்திரம் வரப்பிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன்.

“எந்த வாரம்ன்ற?”

சொன்னேன். தண்ணீர்ச் செம்பை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“அந்த வாரம் ஈ காக்கா போவாது பாப்பா. ரோடு மறியல். பஸ்ஸு, லாரி ஒண்ணும் ஓடாது.”

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஜனங்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. அண்ணன் ஒன்றுவிடாமல் போய்வந்தான். அவன் பி.யூ.சி. முடித்தவன். எழுதிப் போடாத வேலை இல்லை, போகாத நேர்முகம் இல்லை. ஒன்றும் வராமல் கடைசியில் கரும்புக்கே திரும்பினான். என் வேலைக்கு உத்தரவு வந்த அன்று ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவனும் அவன்தான், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசாமல் இருந்தவனும் அவன்தான்.

“அதுக்கு மின்னாடியே போயிடறேன்” என்றேன்.

“போயி? ஒரு வாரம் யாரு வூட்ல தங்குவ?”

“வேற நாள்ல வெச்சிக்கக் கூடாதா, உங்க மறியல?”

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “கள்ளக்குறிச்சில ஒரு ஆபீசு வுடாம ஏறி எறங்கிப் பாரு. நாற்காலில குந்திக்கினு இருக்கறவன் யாரு, வாசல்ல மனு வெச்சிக்கினு நிக்கிறவன் யாரு? நம்ம ஜனம் ஜாஸ்தி. நாற்காலி கம்மி. கெஞ்சிக் கேட்டா காதுல வுழலன்றான். ரோட்ட மறிச்சாத்தான் வுழும்.”

அவன் சொன்னது புரிந்தது. நானும் ஒரு நாற்காலியைப் பார்த்துத்தான் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

மறியல் தொடங்குவதற்கு முதல் நாள்வரை அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:

“மலைமேல போயிடு. மலைக்காரங்க இதுல இல்ல. காலையில அரிசி ஏத்திக்கினு வெள்ளிமலைக்கு ஜீப்பு போவுது, சொல்லி வெச்சிருக்கிறேன். அங்கேர்ந்து கருமந்துறை. அந்தாண்ட எறங்கினா சேலம். ரயிலு ஓடுதாம். புடிச்சிக்க.”

“நீ மரம் வெட்டி ரோட்ட மறிக்கப் போறவன். எனக்கு வழி சொல்றியே?”

“நாங்க மறிக்கிறது சர்க்கார. உன்னயா மறிக்கிறோம்?” என்றான். பிறகு உள்ளே பார்த்து, “தனியா வோணாம். உங்க அண்ணியக் கூட்டிக்கினு போ” என்றான்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள். “நானா? மெட்ராஸுக்கா?”

அண்ணிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நைனார்பாளையத்துப் பெண். பத்தாவதில் பள்ளிக்கே முதலாக வந்தவள் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை.

விடிந்ததும் ஜீப் ஏறினோம். அரிசி மூட்டைகளின் மேல் நாங்கள், எங்கள் காலடியில் மண்ணெண்ணெய் டின்கள், மடியில் என் கண்ணாடித் தாள்கள். திரையில் காட்டுவதற்காக எழுத்துகளைப் பெரிதாக வரைந்து வைத்திருந்த தாள்கள் அவை. கசங்கிவிடக் கூடாதென்று பழைய புடவையில் சுற்றியிருந்தேன். மலைப்பாதையின் ஒரு திருப்பத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். கீழே கோமுகி அணை பளபளவென்று கிடந்தது. அதற்கு அப்பால் ரோடு தெரிந்தது. ரோட்டில் ஒன்றுமே இல்லை. பஸ் இல்லை, லாரி இல்லை, ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. அந்த ரோட்டை அப்படி நான் பார்த்ததே இல்லை. எங்கிருந்தோ கோடாலிச் சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது.

“உங்க அண்ணனா இருக்கும்” என்றாள் அண்ணி. சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிமலையில் வேறு ஜீப் மாறினோம். கருமந்துறைக்கு அப்போது மண் ரோடுதான். முதல் நாள் மழை பெய்திருந்தது. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே வண்டி இரண்டு இடத்தில் சகதியில் இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நான் தாள்களைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினேன். அந்த நேரத்திலும் என் மனசு மெட்ராஸில்தான் இருந்தது. அவர் முந்தின வாரமே போய், உறவினர் வீட்டில் தங்கி, இஸ்திரி போட்ட சட்டையோடு இந்நேரம் அரங்கத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பார். கருத்தரங்கின் முதல் நாளே போய்ச் சேர வேண்டிய நான் முழங்கால்வரை சேற்றில் நிற்கிறேன். அவர் ஏறிய ரயிலுக்கு யாரும் மரம் வெட்டிப் போடவில்லை என்பதுகூட அவர்மேல் எனக்கு ஒரு குற்றமாகப் பட்டது.

அன்று கருமந்துறையில் ஒரு ஆசிரியை வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள். அண்ணி போய்ப் பேசி வாங்கிய இடம். மறுநாள் காலை கீழே இறங்கினோம். அடிவாரத்தில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. இலைகள் இன்னும் வாடவில்லை. ஆட்கள் மரத்தின்மேலும் கீழுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்காரர் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்.

“எங்கம்மா போறீங்க? போவ முடியாது. திரும்பிப் போங்க” என்றார் ஒருவர், எழுந்து வந்து.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கருத்தரங்கு, கட்டுரை, அழைப்பு என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. அண்ணி என்னை இடித்துவிட்டு முன்னால் போனாள்.

“அண்ணா, கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. எங்க பாப்பா அதுக்கு எழுதக் கத்துக் குடுத்துருக்குது. அத்தப் பத்திப் பேச மெட்ராஸ்ல கூப்ட்டுருக்காங்க. அங்க மேடையேறப் போற நம்ம ஜனம் இது ஒண்ணுதான். நீங்களே மறிச்சா எப்படி?”

பல நாள் எழுதி அடித்துத் திருத்திய என் பேச்சின் முதல் பத்தி முழுவதும் அந்த இரண்டு வரியில் இருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். எனக்கு வாயில் வராதது இவளுக்கு எப்படி வருகிறது என்று அந்த இடத்திலும், அந்த நேரத்திலும், எனக்குச் சுருக்கென்றது.

“கம்ப்யூட்டர்ல தமிழா? எங்க காட்டு” என்றார் அவர். ஒரு தாளைப் பிரித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். “வெ...ட்டு... உத்...தர...வு.” பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “மரத்த வெட்ட உத்தரவு கம்ப்யூட்டரே குடுத்துட்டுதுடா!” எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்களே எங்களை இரண்டு சைக்கிளில் ஏற்றி, மரம் கிடந்த இடங்களிலெல்லாம் வயலில் இறங்கிச் சுற்றி, சேலத்துக்குப் போகும் போலீஸ் வேன் நின்ற இடம்வரை கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் வதந்தி. வடக்கே துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள், ஆள் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். அண்ணி அண்ணன் பெயரைச் சொல்லாமல் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த வேனில் சேலம் போய் ஏறிய ரயில் நின்று நின்று மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷனில் பெண்கள் அறையில் இருந்துவிட்டு, விடிந்ததும் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். சேறு பட்ட செருப்பை எவ்வளவு கழுவியும் விளிம்பில் செம்மண் போகவில்லை. அரங்கத்தின் வாசலில் பலகை. அன்றைய நிகழ்ச்சிகளில் என் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் அவர் பெயரை எழுதியிருந்தார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேடையில் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

கரும்பலகையில் சாக்பீஸால் ‘ழி’ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கொண்டையைத் தோளில் சாய்த்த என் ‘ழி’. ஆனால் தவறாக, ஒரு புள்ளி தள்ளி வரைந்திருந்தார். அரங்கம் அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு மேடை அவ்வளவு சுலபமாக இருந்தது. பிறந்த வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல நின்றார். நான் வராததால் ஒரு நல்ல மனிதர் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், அந்த சாக்பீஸைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல இருந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். “உண்மையில் பேச வேண்டியவர் வந்துவிட்டார்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, சாக்பீஸை என் பக்கம் நீட்டினார். கைதட்டல் கிளம்பியது. அதுகூட அவர் சொன்ன அழகுக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

மேடை ஏறி, முதலில் அந்தப் புள்ளியைத் துடைத்துச் சரியான இடத்தில் வைத்தேன். பிறகு மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் தொடங்கினேன். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது சேலம் ரோட்டில் எங்கேயோ விழுந்துவிட்டது. முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் காது மடல் சுட்டது. “தமிழ்ல சொல்றேன்” என்றேன், என்னையறியாமல்.

வடக்கத்திக்காரர்கள் பாதிப்பேர் இருந்தார்கள். அவர் மேடையின் ஓரத்தில் வந்து நின்றுகொண்டு, நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அதன் பிறகு எனக்குத் தடையே இல்லை. ஒன்பது ஊசியைச் சொன்னேன். வெயிலில் காய்ந்த கரும்பைச் சொன்னேன். என் முதல் ‘ழ’வின் கால் சரியாக விழாமல் ‘ம’ போல அச்சாகி, ஒரு விவசாயி சீட்டைக் கொண்டுவந்து, “கிமக்குக் காடுன்னு போட்டுருக்குதும்மா, கிமக்குன்னா எந்தப் பக்கம்?” என்று கேட்டதைச் சொன்னேன். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு நொடி யோசித்து, ‘ஈஸ்ட்’ என்பதை ‘ஈப்ட்’ ஆக்கி ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. நான் வாங்கிய சிரிப்பைவிட அவர் வாங்கிய சிரிப்புக்குச் சத்தம் ஜாஸ்தி. நான் மேடையில் நின்றுகொண்டே அதை அளந்தேன்.

கேள்வி நேரத்தில் புனேக்காரர் ஒருவர் எழுந்து, கோலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டார். என் சக ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்குக் கோலம் போட வராது. எழுத்து கோலத்துலேர்ந்து வரல, ரப்பர்லேர்ந்து வந்தது. அழிச்சி அழிச்சித்தான் வந்தது” என்றேன். அதை அவர் ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார்.

எனக்கு அடுத்துப் பேசியவள் பம்பாய்க்காரி. என் வயதுதான் இருக்கும். வெட்டிய கூந்தல், கைத்தறிப் புடவை. ஒரு சின்னக் கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்து, கைக்கு அடக்கமான ஒரு டப்பாவை மேசையில் உருட்டினாள். திரையில் ஒரு தேவநாகரி எழுத்து நீண்டது, சுருங்கியது, வளைந்தது. புள்ளியே தெரியவில்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி வளைவு. நான் மாதக்கணக்கில் புள்ளியோடு மல்லுக்கட்டியதை அவள் சுண்டுவிரலால் செய்துகொண்டிருந்தாள். அதுவரை நான் அவர்மேல் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அண்ணி, “நீ பேசனது நல்லாத்தான இருந்திச்சி, ஏன் அழுவற?” என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

மதியம் சாப்பாட்டுக்கு எல்லாரும் தட்டை ஏந்தி நின்றோம். பெரிய பதவியில் இருப்பவர்போலத் தெரிந்த ஒருவர், தமிழர்தான், எங்கள் வட்டத்தில் வந்து நின்று மறியலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நூறு வருஷத்து மரங்கள், காட்டுமிராண்டித்தனம், எல்லாம் ஒரு குமாஸ்தா வேலைக்காக என்றார். “இவங்களுக்கெல்லாம் இடம் குடுத்தா நாளைக்கு இந்த மாதிரி ஹால்ல யார் இருப்பாங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அவர், என் சக ஊழியர், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“நான் இருப்பேங்க. கொஞ்ச முன்ன பேசினது நான்தான்” என்றேன். “வெட்டின மரத்துல ஒண்ணு எங்கண்ணன் வெட்டினது. அவர்தான் என்னை மலை வழியா இங்க அனுப்பி வெச்சாரு.”

அந்தப் பெரிய மனிதர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு வட்டத்துக்குப் போய்விட்டார்.

மறியல் முடியும்வரை அவருடைய உறவினர் வீட்டிலேயே நாங்களும் தங்கினோம். பிறகு மூன்று பேரும் ஒன்றாகத்தான் பஸ்ஸில் திரும்பினோம். வழிநெடுக ரோட்டோரத்தில் வெட்டுப்பட்ட அடிமரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல நீங்க சொன்னத என்னால சொல்லியிருக்க முடியாது. தைரியம் இல்லாம இல்ல. சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. எங்கப்பாவுக்கு ரயில்வேல வேலை, மூணு வருஷத்துக்கு ஒரு ஊர். உங்களுக்கு மட்டும் எங்க போனாலும் ஒரு ஊரே கூட வருது.”

அவர் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது. எத்தனையோ நாள் என் தொண்டையில் இருந்ததுதான். ஆறுதல் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. கொஞ்ச தூரம்வரை எனக்கு இனிப்பாக இருந்தது.

அண்ணன் வீட்டில் இல்லை. மறியலில் பிடித்துக்கொண்டு போனவர்களோடு அவனையும் சிறையில் வைத்திருந்தார்கள். சில நாள் கழித்துத் தாடியும் மீசையுமாக, இளைத்து, வந்து சேர்ந்தான். அதற்குள் எங்கள் தெருவில் அண்ணிதான் பேச்சு. தாடைவரை கூந்தலை வெட்டிக்கொண்ட பம்பாய்க்காரி, விளக்கணைத்ததும் வெளிச்சம் போடும் பெட்டி, நின்றுகொண்டே சாப்பிடும் படித்தவர்கள் என்று தண்ணீர்க் குழாயடியில் அவள் சொல்லாத நாள் இல்லை. என்னைவிட நன்றாகச் சொன்னாள். அண்ணன் திரும்பிய அன்றும் அவனைப் பார்க்க வந்த பெண்கள் அண்ணியைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள்.

“வெய்யில்ல ரோட்டுல கெடந்தது நானு, ஜெயில்ல களி தின்னது நானு. கத சொல்றது இவளா?” என்றான் அண்ணன். விளையாட்டாகத்தான் சொன்னான். முழுசும் விளையாட்டில்லை.

எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டான்: “அங்க நம்மளப் பத்தி இன்னா பேசிக்கினாங்க?”

மதியச் சாப்பாட்டில் நடந்ததைச் சொன்னேன்.

“அதுக்கு அந்தாளு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. தட்ட எடுத்துக்கினு போயிட்டாரு.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்து முடித்ததும், வழியில் என் காதில் விழுந்த இன்னொன்றைக் கேட்டேன். அந்த வாரத்தில் சில ஊர்களில் காலனிக் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள் என்று சொன்னார்களே, உண்மையா?

அவன் முகம் மாறியது. “நம்ம ஊருல இல்ல” என்றான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். “மத்த எடத்துல நடந்துச்சி. நடந்திருக்கக் கூடாது” என்றான், தாடியைச் சொறிந்துகொண்டே. நானும் அதற்குமேல் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அண்ணி தட்டு வைத்துச் சோறு போட்டாள். பசித்தவன், நிமிராமல் சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“அடுத்த தபா எங்கனா கூப்ட்டா, நானும் வரேன்.”

“நீங்க எதுக்கு?” என்றாள் அண்ணி. “அங்க உங்களுக்கு இன்னா வேல?”

“உனக்கு இன்னா வேலயோ, அதான்” என்று சொல்லிவிட்டு அண்ணன் குழம்புக்குக் கை நீட்டினான்.